பெல் ஹவுசிங் அடியில ஆயில் சொட்டுது: கியர்பாக்ஸ் இறக்கித்தான் ஆகணுமா?

களக்காடு வாழைலோடு:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வண்டி 2009 மாடல் பிக்கப், 2.5 லிட்டர் டர்போ டீசல், 3,40,000 கிலோமீட்டர் தாண்டிட்டு. களக்காட்டுல வாழைத்தார் ஏத்தி திருநெல்வேலிக்கு ஓடுது. வாரத்துக்கு ரெண்டு தடவை பணகுடி, ஆரல்வாய்மொழி வழியா நாகர்கோவிலுக்கும் போகும்.

ராத்திரி நிப்பாட்டினா காலையில எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருற கூட்டுக்கு, அதாவது பெல் ஹவுசிங்குக்கு, நேர் கீழ உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை கிடக்கு. 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊத்துதேன். ஊத்துறது 15டபிள்யூ-40. சைலன்சர்ல நீலப்புகை இல்ல. இழுவை குறையல. கிளட்சும் வழுக்கல.

பட்டறையில பாத்துட்டு, கிராங்க் பேக் சீல் (கிராங்க் தண்டோட பின்முனையில ஆயிலைத் தடுக்கிற வளையம்) போயிட்டு, கியர்பாக்ஸ் இறக்கணும், இறக்கினா கிளட்ச் செட்டையும் மாத்திரணும்னு சொல்லுதாவ. மூணு நாள் வண்டி நிக்கும். தார் வெட்டுற நேரத்துல மூணு நாள் நிப்பாட்டுறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

அடியில சொட்டுதுன்னா பேக் சீல்தானா? இறக்குறதுக்கு முன்னால நானே பாத்து உறுதி பண்ண வழி இருக்கா? அதை விடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊத்துனா நின்னுரும்னு ஒருத்தர் சொல்லுதாரு, அது சரியா?


பேட்டை டீசல்:

இப்ப இறக்காதீங்க அண்ணாச்சி. எஞ்சின்ல எந்த மூலையில ஆயில் கசிஞ்சாலும் அது பெரும்பாலும் கடைசியில வந்து சொட்டுற இடம் பெல் ஹவுசிங் அடிதான். எஞ்சின் பின்பக்கம் லேசா சாய்ஞ்சு உக்காந்திருக்கும். அதுபோக ஃபேன் காத்தும் வண்டி ஓடுற காத்தும் ஆயிலப் பின்னால தள்ளிக்கிட்டே இருக்கும். எஞ்சின் ஹெட்டை மேல மூடுற டேப்பட் கவரோட பின்மூலையில கசியுறது பிளாக்கோட முதுகுல இறங்கி, பெல் ஹவுசிங் விளிம்பைப் பிடிச்சு வளைஞ்சு, அடியில வந்து சொட்டும். கீழ படுத்துப் பாக்கிறவருக்கு அது அப்படியே பேக் சீல் மாதிரிதான் தெரியும்.

நீங்க சொன்ன கணக்கையே கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர்னு வச்சா 1,500 கிலோமீட்டர் ஏறக்குறைய 37 மணி நேர ஓட்டம். ஒரு லிட்டரை 37ஆல வகுத்தா மணிக்கு 27 மில்லி. ஒரு சொட்டு 0.05 மில்லின்னு எடுத்தா நிமிஷத்துக்கு ஒம்பது சொட்டு. அந்த வேகத்துல ராத்திரியும் சொட்டினா காலையில கால் லிட்டர் குளம் கட்டிக் கிடக்கணும். உங்களுக்குக் கிடக்குறது உள்ளங்கை அளவு கறை, அதாவது சில மில்லி. அப்ப ஆயில் போறது எஞ்சின் ஓடும்போதுதான். ஒண்ணு பிரஷர்ல இருக்கிற ஹோஸ், பைப், ஆயில் சுவிட்ச் மாதிரி இடம். இல்லன்னா எஞ்சினுக்குள்ள சேருற காத்து, ரெண்டு பாகம் சேருற இடுக்கை அடைக்கிற ஏதோ ஒரு பேக்கிங் வழியா ஆயிலை வெளிய தள்ளுது. பேக் சீல் இல்லவே இல்லன்னு சொல்லல. கடைசியா சந்தேகப்பட வேண்டியதுன்னு சொல்லுதேன்.

கண்டுபிடிக்க நல்ல வழி, சுத்தமாக் கழுவிட்டுப் பாக்கிறதுதான். ஆயிலும் செம்மண்ணும் சேந்து காஞ்ச எஞ்சின்ல எது புதுக் கசிவு, எது பழைய அழுக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.

எஞ்சின் ஆறின பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டர் வாய் மூணுக்கும் பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால கட்டுங்க. கெட்டியா ஒட்டியிருக்கிற மண்ணை மரக்குச்சியால சுரண்டுங்க. இரும்பு வச்சுச் சுரண்டினா ஹோஸ் கிழியும். அப்புறம் அரை லிட்டர் டீசலை பெயிண்ட் பிரஷ்ஷால மேல இருந்து கீழ தடவி, கால் மணி நேரம் ஊற விட்டு, சோப்புத் தண்ணி போட்டுக் கழுவுங்க. வாட்டர் சர்வீஸ்ல குடுத்தீங்கன்னா கன்னை ரெண்டடி தள்ளியே பிடிக்கச் சொல்லுங்க. கிட்ட வச்சு அடிச்சா தண்ணி சீல் உதட்டைத் தாண்டி உள்ள போகும், வயர் கனெக்டர்லயும் ஏறும்.

நல்லா காஞ்சதும் பிளாஸ்டிக் கவரை எல்லாம் எடுத்து, பேட்டரியை மாட்டிட்டு, சாதாரண முகப்பவுடரை மெல்லிசுத் துணியில முடிஞ்சு, ஒத்தி ஒத்தி அடிங்க. டேப்பட் கவர் சுத்து, ஹெட்டுக்குப் பின்னால, ஆல்டர்னேட்டருக்குப் பின்னால, ஆயில் ஃபில்டர் சுத்து, டர்போ கீழ, டைமிங் கவர் ஓரம், எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற தொட்டியான ஆயில் சேம்பரோட விளிம்பு, பெல் ஹவுசிங் மேல்பக்கம். ஃபேன் பெல்ட்ல மட்டும் படக்கூடாது. பத்து நிமிஷம் ஐட்லிங்ல விட்டு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வச்சுப் பாருங்க. ஃபேனுக்குப் பக்கத்துல கையோ துண்டோ போகக்கூடாது. அப்புறம் 15 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து மறுபடியும் பாருங்க. கண்ணாடி போகாத இடத்துல செல்போனை வீடியோவுல போட்டு உள்ள விட்டு எடுங்க. கசியுற இடத்துல வெள்ளைப் பவுடர் மொதல்ல சாம்பல் நிறமா மாறும், பிறகு ஒரு கோடு மாதிரி கருத்துக் கீழ இறங்கும். அந்தக் கோட்டோட மேல்நுனி எங்க இருக்கோ அதுதான் இடம். கோட்டோட அடியைப் பாத்து யாரும் ஏமாறக்கூடாது.

சொட்டுறது எஞ்சின் ஆயில்தானான்னும் பாத்துருங்க. வெள்ளைத்தாள்ல ஒரு சொட்டு பிடிங்க. டீசல் எஞ்சின் ஆயில் கருப்பா இருக்கும். கியர் ஆயில் தேன் நிறத்துல கெட்டியா, கந்தக வாடையோட இருக்கும். அது வந்தா கியர்பாக்ஸ் முன் சீல்தான் குற்றவாளி, எஞ்சின் இல்ல. டீசல்னா தாள்ல சடசடன்னு பரவும், வாடையே சொல்லிரும். பவர் ஸ்டீயரிங் இருந்தா அதோட டப்பா மட்டத்தையும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

20டபிள்யூ-50 விஷயம்: சூட்டுல அது கொஞ்சம் கெட்டியா நிக்கும்கிறதால கசிவு சித்தக் குறைஞ்ச மாதிரி தெரியும், ஓட்டை அப்படியேதான் இருக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர நேரமும் கூடும். 15டபிள்யூ-40லயே இருங்க.


பணகுடி காத்து:

மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. பவுடர் போட்டு இடத்தைக் கண்டுபிடிச்சாலும், எந்த பேக்கிங்கும் மாத்துறதுக்கு முன்னால பிரீதரை, அதாவது எஞ்சின் உள்காத்து வெளிய போற வழியை, பாருங்க. இதை விட்டுட்டு பேக்கிங் மாத்தினா ஒரு மாசத்துல அதே இடம், இல்லன்னா அதுக்குப் பக்கத்து இடம் ஒழுகும்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் காத்து எப்பவும் கீழ இறங்கத்தான் செய்யும். புது எஞ்சின்லயும் உண்டு. அந்தக் காத்து டேப்பட் கவர்ல இருந்து ஒரு ஹோஸ் வழியா ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல இருக்கிற பைப்புக்குப் போய், எஞ்சினே அதைத் திரும்ப இழுத்துக்கும். பழைய மாடல் சிலதுல ஹோஸ் நேரே கீழ தொங்கும். 3,40,000 ஓடுன வண்டியில அந்த ஹோஸுக்குள்ள ஆயிலும் கரியும் சேந்து களி மாதிரி அடைச்சிருக்கும். சூட்டுல ஹோஸோட உள்தோல் உரிஞ்சு மடங்கிப் போறதும் உண்டு. வெளிய பாத்தா நல்ல ஹோஸ்தான். உள்ள பென்சில் நுழையாது. காத்துக்கு வெளிய போக வழி இல்லன்னா எது பலவீனமோ அதைப் பிச்சுக்கிட்டுப் போகும்.

சோதிக்கிறது எப்படி: எஞ்சின் சூடாகி ஐட்லிங்ல ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் திருகைத் தளத்தி, எடுக்காம அப்படியே மேல வச்சு விடுங்க. மூடி லேசா நடுங்கினா பரவாயில்ல. துள்ளி விழுந்தா, இல்ல புகை தொடர்ந்து பீறிட்டா உள்காத்து அதிகம். அப்ப பிரீதர் ஹோஸைக் கழட்டிட்டு அதே சோதனையை மறுபடியும் செய்யுங்க. ஹோஸ் இல்லாதப்ப அடங்கினா அடைப்பு ஹோஸ்லயோ, அந்தக் காத்துல இருந்து ஆயிலைப் பிரிக்கிற செபரேட்டர் டப்பாவுலயோ இருக்கு. ஹோஸ் இல்லாமலும் அதே வேகம்னா ரிங் தேஞ்சிருக்கு, இல்லன்னா டர்போ சீல் வழியா காத்து வருது, இல்லன்னா இப்ப சொல்லப்போற மூணாவது காரணம்.

பலர் கவனிக்காதது இதுதான். உங்க வண்டியில பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிக்குப் பலம் கூட்டுற டப்பா) காத்தை உறிஞ்சுற வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டர் முதுகுலதான் இருக்கும்னு நினைக்கேன். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஆயில் மெல்லிசா ஒரு பைப்ல பிரஷரோட போகும். தடிச்ச ஹோஸ் வழியா ஆயிலும், பூஸ்டர்ல இருந்து உறிஞ்சின காத்தும் சேந்து எஞ்சினுக்குள்ளயே திரும்பும். பூஸ்டர் ஹோஸ்ல வெடிப்பு இருந்தாலோ பூஸ்டர் டயஃப்ரம் கிழிஞ்சிருந்தாலோ பம்பு ஓயாம வெளிக்காத்தை உறிஞ்சி எஞ்சினுக்குள்ள அடைச்சுக்கிட்டே இருக்கும். ரிங் நல்லா இருந்தும் மூடி துள்ளும், எல்லா பேக்கிங்லயும் வேர்த்த மாதிரி ஆயில் நிக்கும். எஞ்சினை அணைச்சுட்டு பிரேக்கை மிதிச்சுப் பாருங்க. ரெண்டு மிதி மெத்துன்னு போய், பிறகு கெட்டியானா பூஸ்டர்ல வேக்கம் நிக்குது. முதல் மிதியே கல்லு மாதிரி இருந்தா வேக்கம் எங்கயோ கசியுது. அது ஆயில் பிரச்சினையை விடப் பெரிசு, லோடு ஏத்தாதீங்க.

ஏர் ஃபில்டரையும் பாருங்க. ஃபில்டர் அடைச்சிருந்தா டர்போ பிரீதர் வழியா உறிஞ்சுற வேகம் கூடி, ஆயில் ஆவியையும் சேத்து இழுக்கும். வெளிய சொட்டாம உள்ள எரியுற ஆயில் அப்படித்தான் போகும். தேரிப் பக்கம், செம்மணல்ல ஓடுற வண்டிக்கு அட்டவணையில போட்டிருக்கிற கிலோமீட்டர் வரைக்கும் ஃபில்டர் தாங்காது.


களக்காடு வாழைலோடு:

கழுவி, பவுடர் போட்டுப் பாத்தாச்சு. விவரம் இது.

டேப்பட் கவர் பின்மூலை, டிரைவர் பக்கம், பவுடர் கருத்து ஒரு கோடு பெல் ஹவுசிங் மேல வரைக்கும் இறங்கியிருக்கு. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால தடிச்ச ஹோஸ் கிளாம்ப் கிட்ட ஈரம், அது கீழ சேம்பர் விளிம்பு வரைக்கும் வந்திருக்கு. டைமிங் கவர், ஆயில் ஃபில்டர், டர்போ பைப் எல்லாம் வெள்ளையாவே இருக்கு. தாள்ல பிடிச்ச சொட்டு கருப்பு.

மூடி துள்ளுச்சு. பிரீதர் ஹோஸைக் கழட்டினதும் அடங்கிட்டு. ஹோஸை நீளவாக்குல வெட்டிப் பாத்தேன். மேல்பாதியில சுண்டுவிரல் கனத்துக்குக் கரிக்களி, வளைவு வார இடத்துல உள்தோல் குமிழ் மாதிரி எழும்பி வழியை முக்கால்வாசி மூடியிருக்கு. பிரேக் ரெண்டு மிதி மெத்துன்னு போகுது.

இனி எதை எப்படி மாத்தணும்? நானும் தம்பியும் வீட்டுல வச்சே செய்யலாமா?


அம்பை ஸ்பேனர்:

செய்யலாம். ஒரு பகல் வேலை, பிறகு ஒரு ராத்திரி வண்டி நிக்கணும். கியர்பாக்ஸைத் தொட வேண்டாம்.

வாங்க வேண்டியது: டேப்பட் கவர் பேக்கிங் ஒண்ணு, அந்தக் கவர் போல்ட்டுக்கான ரப்பர் வாஷர் முழு செட்டு, ஹெட் நுனியில அரை நிலா ரப்பர் இருக்கிற எஞ்சின்னா அதுவும், பிரீதர் ஹோஸ் ஒண்ணு, வேக்கம் பம்ப் ரிட்டர்ன் ஹோஸும் (அந்தத் தடிச்ச ஹோஸ்தான்) பிரஷர் பைப்பும், கிளாம்ப் நாலு, காப்பர் வாஷர் நாலு, சிலிக்கான் பேஸ்ட் சின்ன டியூப் ஒண்ணு. கடையில அனபாண்ட்னு கேட்டாலே எடுத்துக் குடுப்பாவ. எஞ்சின் நம்பரைக் குறிச்சுட்டுப் போங்க. ஒரே வருஷ மாடல்ல ரெண்டு விதமான பேக்கிங் வந்திருக்கும். பழைய பேக்கிங்கைக் கையில கொண்டுபோய் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்து வாங்குறது இன்னும் நல்லது.

முதல்ல பிரீதர். புது ஹோஸ் போடுறதோட நிறுத்தாம, கவர்ல இருக்கிற குழாயையும், செபரேட்டர் டப்பா இருந்தா அதையும் டீசல்ல ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, கம்பி பிரஷ் விட்டு, காத்தடிச்சுக் காய வைங்க. இன்டேக் பைப்புல அது சேருற வாயையும் துடைக்கணும். அங்கயும் களி நிக்கும்.

டேப்பட் கவரைக் கழட்டுறதுக்கு முன்னால சுத்தி இருக்கிற மண்ணைத் துடைச்சிருங்க. கவரைத் தூக்கும்போது உள்ள விழுற ஒவ்வொரு மணலும் கேம்லயும் பேரிங்லயும்தான் போய் உக்காரும். போல்ட் பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர். இன்ஜெக்டர் பைப் குறுக்க வந்து அதைக் கழட்ட வேண்டியிருந்தா, நட்டை விட்டதும் பைப் நுனிக்கும் இன்ஜெக்டர் வாய்க்கும் உடனே பிளாஸ்டிக் மூடி மாட்டுங்க. டீசல் லைனுக்குள்ள தூசி போனா ஆயில் கசிவை விடப் பெரிய செலவு. கவர் ஒட்டிக்கிட்டு வரலன்னா ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க. மரச்சுத்தியால ஓரத்துல தட்டுங்க.

கவர் வந்ததும், ஹெட்ல ஆயில் கீழ இறங்குற ஓட்டைகள் தெரியும். அதுல சுத்தமான துணித்துண்டு அடைச்சுக்கோங்க. எத்தனை துண்டுன்னு சுவத்துல எழுதி வைங்க, மூடுறதுக்கு முன்னால எண்ணி எடுக்கணும். பழைய பேக்கிங் ஒட்டினதை பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது. அந்தத் தூள் ஆயிலோட போய் பேரிங்கை அரைக்கும், அலுமினிய முகமும் குழி விழும்.

கவர் தகரமா இருந்தா ஒரு கண்ணாடிப் பலகை மேல கவுத்து வச்சு ஆடுதான்னு பாருங்க. போன தடவை யாராவது போல்ட்டை முறுக்கி இறுக்கியிருந்தா, போல்ட் ஓட்டையைச் சுத்தி தகரம் குழிஞ்சு, ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல வளைஞ்சு நிக்கும். உங்களுக்குப் பின்மூலையில கசியுறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். குழிஞ்ச இடத்தை உள்பக்கமா மரக்கட்டை வச்சு லேசாத் தட்டிச் சமப்படுத்துங்க. அதைச் செய்யாம புது பேக்கிங் போட்டுப் பிரயோஜனம் இல்ல.

பேக்கிங் ரப்பர்னா காய்ஞ்ச நிலையிலதான் உக்காரணும். சுத்திலும் சிலிக்கான் பூசினா ரப்பர் வழுக்கி வெளிய பிதுங்கும். அரை நிலா ரப்பர் ஹெட்டோட சேருற மூலை, கேம் கேப்பும் ஹெட்டும் சேருற படி, இந்த இடங்கள்ல மட்டும் ரெண்டு மூணு எம்எம் பொட்டு வைங்க. கார்க் பேக்கிங்னா கவர் பக்கம் மட்டும் மெல்லிசாத் தடவி ஒட்டிக்கலாம், ஹெட் பக்கம் காய்ஞ்சே இருக்கட்டும். சிலிக்கான் கூடிப்போனா வெளிய பிதுங்குற அளவுக்கு உள்ளயும் பிதுங்கியிருக்கும். அது பிஞ்சு சேம்பர்ல விழுந்து, ஆயில் பம்பு உறிஞ்சுற வலையை அடைச்சா பிரஷர் போயி, எஞ்சினே பிடிச்சிரும்.

போல்ட் எல்லாத்தையும் மொதல்ல விரலால ஏத்துங்க. நடுவுல தொடங்கி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, ரெண்டு சுத்தா இறுக்குங்க. 6 எம்எம் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் தாராளம். டார்க் ரெஞ்ச் இல்லன்னா சின்ன ஸ்பேனரை முனையில பிடிக்காம நடுவுல பிடிச்சு, மணிக்கட்டு பலத்துல மட்டும் இறுக்குங்க. அலுமினிய ஹெட்ல மரை போச்சுன்னா ஹெலிகாயில்னு கம்பிச்சுருள் மரை போடணும்.

வேக்கம் பம்ப் ஹோஸுக்கு ஒரு எச்சரிக்கை. ரேடியேட்டர் தண்ணி ஹோஸ் வாங்கி வெட்டி மாட்டாதீங்க. சூடான ஆயில்ல அந்த ரப்பர் உப்பி, கஞ்சி மாதிரி ஆயி, ஒரு நாள் வழியில பிச்சுக்கும். ஆயில் தாங்குற ஹோஸ், பழசு என்ன நீளமோ அதே நீளம். ரிட்டர்ன் ஹோஸ் மேல இருந்து கீழ இறக்கமாவே போகணும். நடுவுல தொங்கி வளைஞ்சா ஆயில் தேங்கி, பம்ப் சீல் வழியா ஆல்டர்னேட்டருக்குள்ள போயிரும், கார்பன் பிரஷ் நனைஞ்சு சார்ஜ் நிக்கும். பிரஷர் பைப்புல பேஞ்சோ போல்ட்டுக்கு (உள்ள ஆயில் போற ஓட்டை உள்ள போல்ட்) மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு காப்பர் வாஷர் புதுசு போடுங்க. புதுசு கிடைக்காத ஊர்ல மாட்டிக்கிட்டா பழைய வாஷரை அடுப்புல மங்கலான செவப்பு வர வரைக்கும் காய்ச்சி, தண்ணியில போட்டு எடுத்தா செம்பு மறுபடி இளகிரும், ஒரு தடவை சேரும்.

சிலிக்கான் பொட்டு வச்சு கவரை மூடின பிறகு ராத்திரி முழுக்க விட்டுட்டுக் காலையில ஸ்டார்ட் பண்ணுங்க. பத்து நிமிஷம் ஐட்லிங், அணைச்சுப் பத்து நிமிஷம் கழிச்சு சமதரையில ஆயில் மட்டம். ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னாப் போதும். மேல் கோட்டைத் தாண்டி ஊத்துனா கிராங்க் அடிச்சு நுரைச்சு, அதுவே கசிவைக் கூட்டும்.


திசையன்விளை சேம்பர்:

ரெண்டு சின்ன விஷயம் மட்டும்.

ரிட்டர்ன் ஹோஸ்ல கசியுற ஆயில், சேம்பர் விளிம்பு வரைக்கும் வந்திருக்குன்னு சொன்னீங்க. சேம்பர் போல்ட்டு ஒவ்வொண்ணையும் கையால தொட்டுப் பாருங்க, தளர்ந்திருந்தா மட்டும் லேசா. இறுக்கி இறுக்கித்தான் சேம்பர் விளிம்பு அலையலையா வளையும். கடலோரம், உவரி, இடிந்தகரைப் பக்கம் ஓடுற வண்டிக்கு இன்னொண்ணு: தகரச் சேம்பர் உப்புக்காத்துல துரு ஏறி ஊசித்துளை விழும். பேக்கிங் மாத்தி மாத்திப் பாத்தாலும் நிக்காது. துணியால துடைச்சிட்டு விரல் நகத்தால சுரண்டினா பெயிண்ட் செதில் செதிலா வரும். சேம்பரைக் கழட்டி மாத்துறதே சரி. வண்டியில இருக்கும்போதே வெல்டிங் வைக்க ஒத்துக்காதீங்க, உள்ள ஆயில் ஆவி இருக்கு.

லீக் நிப்பாட்டுற மருந்துன்னு புட்டியில விக்கிறது ரப்பர் சீலை உப்ப வைக்கிற சரக்கு. காய்ஞ்ச ஆயில் சீலுக்குக் கொஞ்ச நாள் கேக்கும். வெடிச்ச ஹோஸுக்கோ கார்க் பேக்கிங்குக்கோ காப்பர் வாஷருக்கோ அதனால ஒரு பலனும் இல்ல. உங்க வண்டிக்கு வேண்டாம்.

கழுவின டீசலையும் பழைய ஆயிலையும் வாய்க்கால்ல விட்டுராதீங்க. அந்தத் தண்ணிதான் வாழைக்குப் பாயுது. கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கிற ஆள்கிட்ட குடுங்க.


களக்காடு வாழைலோடு:

எல்லாருக்கும் நன்றி அண்ணாச்சி. சாமான் வாங்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமை செய்யப்போறோம். ரெண்டு கேள்வி மிச்சம். இதெல்லாம் செஞ்ச பிறகும் பெல் ஹவுசிங்ல சொட்டினா, அப்ப பேக் சீல்தான்னு எப்படி உறுதி பண்ண? கவர் போல்ட்டை ஓட்டின பிறகு மறுபடி இறுக்கணுமா?


பேட்டை டீசல்:

மறுபடி கழுவி, பவுடர் போட்டு, மேல எல்லாம் வெள்ளையா இருந்து அடியில மட்டும் சொட்டினா பெல் ஹவுசிங்கோட அடித்தகட்டைக் கழட்டுங்க. நாலஞ்சு போல்ட்தான் இருக்கும். வண்டியை ஜாக்கியில மட்டும் நிப்பாட்டிட்டுக் கீழ படுக்காதீங்க, ஸ்டாண்டு வச்சு, பின்சக்கரத்துக்குக் கல்லும் வச்சுக்கோங்க. டார்ச் அடிச்சு, கிராங்க் பின்முனையில இருக்கிற ஃபிளைவீல் சக்கரத்தைப் பாருங்க. எஞ்சின் பக்கத்து முகத்துல கருப்பு ஆயில் நடுவுல இருந்து வெளிய விசிறி மாதிரி தெறிச்சிருந்தா பேக் சீல். கிளட்ச் பக்கம் மட்டும் தேன் நிறத்துல, வாடையோட இருந்தா கியர்பாக்ஸ் முன் சீல். ரெண்டு முகமும் காய்ஞ்சு, ஹவுசிங் உள்சுவர்ல மட்டும் ஈரம்னா மேல இருந்து இடுக்கு வழியா இறங்குது, திரும்பவும் டேப்பட் கவர் பின்பக்கத்தைப் பாருங்க.

பேக் சீல்தான்னு ஆச்சுன்னா, கியர்பாக்ஸ் இறக்குற பட்டறையில மூணு காரியம் கேட்டு வாங்குங்க. ஒண்ணு, கிராங்க் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுதுன்னு டயல் கேஜ் வச்சு அளக்கச் சொல்லுங்க. பொதுவா 0.1 முதல் 0.3 எம்எம் வரைக்கும் சரி, உங்க எஞ்சினுக்கான எல்லை மேனுவல்ல இருக்கும். அதைத் தாண்டினா அந்த ஆட்டத்தைப் பிடிச்சு நிறுத்துற த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருக்கு, புது சீல் போட்டும் நிக்காது. ரெண்டு, பழைய சீல் உதடு உரசின இடத்துல கிராங்க்ல பள்ளம் விழுந்திருக்கான்னு நகத்தால தடவிப் பாக்கணும். நகம் தட்டினா புது சீலை ஒண்ணு ரெண்டு எம்எம் தள்ளி உக்கார வைக்க இடம் இருக்கான்னு பாக்கலாம். இல்லன்னா பள்ளத்தை மூடுற ரிப்பேர் ஸ்லீவ் (மெல்லிசு உறை) போடணும். மூணு, சீல் எந்த வகைன்னு தெரிஞ்சு போடணும். ஸ்பிரிங் வச்ச ரப்பர் உதடுன்னா ஸ்பிரிங் பக்கம் எஞ்சினுக்குள்ள பாத்து, உதட்டுல ஆயில் தடவிப் போடணும். வெள்ளையாவோ பழுப்பாவோ வழவழன்னு இருக்கிற டெஃப்லான் உதடுன்னா ஒரு சொட்டு ஆயிலும் படாம, காய்ஞ்சபடியே போடணும். அதுல ஆயில் தடவிப் போட்டா உதடு கிராங்க்ல ஒட்டிப் படியாது, முதல் நாளே ஒழுகும்.

கிளட்ச் பிளேட்டுல ஆயில் படாம, கனமும் மிச்சம் இருந்தா செட்டு மாத்தித்தான் ஆகணும்னு இல்ல. ரிலீஸ் பேரிங், ஸ்பிகாட் பேரிங், கியர்பாக்ஸ் முன் சீல் மூணையும் மாத்திருங்க. அதுக்காக மட்டும் இன்னொரு தடவை இறக்குறது வீண்.

ரெண்டாவது கேள்வி. கார்க் பேக்கிங்னா 500 கிலோமீட்டர் ஓடுன பிறகு, எஞ்சின் முழுசா ஆறின நிலையில, அதே 8 நியூட்டன் மீட்டர்ல ஒரு தடவை வரிசையாத் தொட்டுப் பாருங்க, கார்க் அமுங்கியிருக்கும். ரப்பர்னா ஸ்பேனரே வைக்காதீங்க. முதல் 1,500 கிலோமீட்டருக்கு தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னால ஆயில் மட்டத்தை மட்டும் பாத்து, கிலோமீட்டரோட சேத்து நோட்டுல எழுதி வைங்க.